இரண்டு சுண்டு மைதா

மா டின்னின் மூடியை ஷாமிளா கரண்டிக் காம்பால் நெம்பினாள். அது பழைய பால்மா டின். ஒரு பக்கம் துருப்பிடித்து மூடி இறுகிப்போயிருந்தது. விளிம்பு கொஞ்சம் நெளிந்திருக்கும் இடத்தில் கரண்டிக் காம்பைக் கொடுத்து ஒரே நெம்பாக நெம்ப வேண்டும். வேறு எப்படி இழுத்தாலும் வராது. அந்த இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி டின்னுக்குச் சொந்தக்காரி பிரேமலதா. மற்றவள் அவளுடைய தங்கை ஷாமிளா. பிரேமலதாவின் புருசன் அழகமுத்து அந்த மூடியோடு மல்லுக்கட்டி இரண்டு தடவை நகத்தைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறான்.

"முக்கா டின் மா இருக்குக்கா. ஆனா இது ஆகாதாம்."

"ஏன் ஆகாது? நாளும் இதுலதான ரொட்டி சுடுறோம்."

"ரொட்டிக்கு ஆகும். பிஸ்கட்டுக்கு ஆகாது. கூடலூர் அக்கா போன்ல திருப்பித் திருப்பிச் சொல்லிருச்சி. மைதாவுலதான் செய்யணும், கோதும மாவுல செஞ்சிறாத, கல்லு மாதிரி வந்துரும்னு. பாரு, எழுதியே வச்சிருக்கேன்."

கூடலூர் அக்கா என்பது இந்திராணி. இவர்களுடைய பெரியப்பா மகள். பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போய் ஐம்பது வருசமாகிறது. இந்திராணி அங்கேயே பிறந்தவள். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு தடவை சொந்தத்தைப் பார்க்கவென்று இந்த அரநாயக்க பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, கூடலூர் பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்தாள். சதுரம் சதுரமாக, வெளிர் மஞ்சளாக, வாயில் போட்டதும் கரையும் பிஸ்கட். நடுநடுவே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சீனிப்பாகில் ஊறிய பழத்துண்டுகள். ஷாமிளா மூன்று தின்றாள். நான்காவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பொட்டலத்தில் வைத்து மடித்தாள். அன்றிலிருந்து இதே நினைப்பு.

பிரேமலதா தாளை வாங்கிப் பார்த்தாள். கொப்பியில் கிழித்த ஒற்றை. தலைப்பில் "டியூட்டி புரூட்டி பிஸ்கட்" என்றிருந்தது. அதற்குக் கீழே "மைதா 2 சுண்டு", பக்கத்திலேயே "கோதுமை மா கூடாது". கூடாது என்பதன் அடியில் இரண்டு கோடு.

"டியூட்டி புரூட்டியா? எந்த மலைக்கு டியூட்டி போவுது இந்தப் பழம்?"

"அது டூட்டியாம். எனக்கு வந்தபடி எழுதினேன். திங்கிறப்ப எழுத்தா தெரியப்போவுது?"

சாமான் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. பழத்துண்டு என்று பெயரே தவிர அது பப்பாசிக் காய். ஷாமிளா போன வாரமே காயைப் பொடிப்பொடியாக நறுக்கி, அவித்து, பாகில் ஊறவைத்து, மூன்று கலரில் சாயம் ஏற்றிக் காயவைத்து ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்திருந்தாள். பட்டர் இருந்தது. சீனி பொடித்திருந்தது. கேஸ் அடுப்பு பிரேமலதா வீட்டில்தான் இருக்கிறது. அதன் மேல் பெரிய அலுமினியச் சட்டி, சட்டிக்குள் மணல், மணலுக்கு மேலே தட்டு. ஓவன் இல்லாத வீட்டில் அதுதான் ஓவன். மைதா ஒன்றுதான் இல்லை.

அழகமுத்து உள்ளே வந்து போத்தலைத் திறந்து இரண்டு சிவப்புத் துண்டை எடுத்தான். ஷாமிளா அவன் கையில் அடித்தாள்.

"மச்சான், பிஸ்கட்டு வந்தா திங்கலாம். இப்ப கைய எடுங்க."

"பிஸ்கட்டு வர்ற வரைக்கும் மனுசன் உசிரோட இருக்கணுமில்ல."

"நாளைக்கு வந்துரும். அவரு கொழும்புலருந்து மைதா கொண்டுட்டு வர்றாரு. சனிக்கிழம மத்தியானம் இங்க வந்து சுடுறேன். எல்லாரும் பல்லு வெளக்கிட்டு உக்காருங்க."

அவர் என்றது அவள் புருசன் சதீஸை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் வருவான்.

வெளியே வானம் கறுத்திருந்தது. ஐப்பசி மழை ஐந்து நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பிரேமலதாதான் சொன்னாள். "இப்ப என்ன செய்யப்போற இங்க. மழ இறங்குறதுக்குள்ள வீட்டுக்குப் போ. நாளைக்கு வெள்ளனா வா."

ஷாமிளா தாளை மா டின்னுக்கு அடியில் செருகினாள். பழப் போத்தலைத் தட்டில் ஏற்றிவைத்தாள். டின் மூடியை உள்ளங்கையால் தட்டி மூடினாள். தலையில் ஒரு உரச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மேல் லயத்திலிருந்த தன் வீட்டுக்கு ஏறிப் போனாள். அப்போது மணி மூன்றரை.

நாலே முக்காலுக்கு மேல் லயத்துக்குப் பின்னால் இருந்த மலை இறங்கியது.

பத்து வீட்டு லயத்தில் நான்கு வீடு மிஞ்சியது. அந்த நான்கில் ஷாமிளாவின் வீடு இல்லை. மூன்றாம் நாள் மண்ணுக்குள்ளிருந்து அவளை எடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் பாய் விரித்துக் கிடந்தார்கள். யாரோ கொடுத்த சோற்றுப் பார்சலைப் பிரித்து வாழையிலையில் கொட்டிப் படைத்தார்கள். பருப்பு, கத்தரிக்காய், ஒரு துண்டு மீன். ஷாமிளா கத்தரிக்காயை வாயில் வைக்கமாட்டாள். அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே பிரேமலதா ஒரு முடிவு எடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கீழ் லயத்துக்காரர்களைத் திரும்பிப் போகலாம் என்றார்கள். போனார்கள். வேறு எங்கே போவது? வீடு பூட்டியது பூட்டியபடி இருந்தது. பழப் போத்தலும் தட்டில் இருந்தது. தாளும் டின்னுக்கு அடியில் இருந்தது. டின்னிலிருந்த மா வண்டு வைத்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்து, புது மா வாங்கிப் போட்டாள். போத்தலை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

வருசம் திரும்பியது.

சதீஸ் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். "மதினி, வர்ற ஞாயித்துக்கிழம தெவசத்த வச்சிருவோம். அவளுக்குப் புடிச்சதெல்லாம் என்னென்னன்னு சொல்லுங்க. வாங்கிட்டு வர்றேன்."

"கருவாடு வாங்கிட்டு வாங்க தம்பி. மத்தது நான் பாத்துக்குறேன். பிஸ்கட்டும் நான் பாத்துக்குறேன்."

"பிஸ்கட்டா?" என்றான். பிறகு, "சரி மதினி" என்றான்.

அழகமுத்துவுக்கு அவ்வளவு லேசில் சரிப்படவில்லை. "உசிரோட இருக்கையில தின்னதத்தான் படைப்பாங்க. அவ செய்யாத சாமானை எப்பிடிப் படைக்கிறது?"

"மூணு தின்னா. நாலாவத நமக்குன்னு வச்சா."

"அது கூடலூர் பிஸ்கட்டு."

"இதுவும் அதேதான். பழம் அவ கையால செஞ்சது. எல மேல நான் அத வைக்கத்தான் போறேன். நீங்க மணல அலசித் தாங்க."

போத்தலைத் திறந்து ஒரு துண்டை நக்கிப் பார்த்தாள். மேலே சீனி வெள்ளையாகப் பூத்திருந்தது. கெட்டுப்போகவில்லை. சாயம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். இனி மைதா.

செவ்வாய்க்கிழமை பறித்த கொழுந்தை நிறுத்து முடிந்ததும் பஸ் ஏறி பசாருக்குப் போனாள். சுந்தரலிங்கம் முதலாளியின் கடை அங்கே மூன்று தலைமுறையாக இருக்கிறது. இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. கேட்டது இல்லாவிட்டால் அதைப்போல ஒன்றை எடுத்து நீட்டுவார்.

"மைதா இருக்கா முதலாளி?"

"மைதா..." என்று இழுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்தியச் சாமான் அது. என்னா பிரேமா, கொழுந்துக்காரங்க எல்லாம் இந்தியச் சாமான் கேக்க வெளிக்கிட்டீங்க?"

"இருக்கா இல்லையா?"

"இருக்காமலா." ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பக்கட்டை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். ஆட்டா என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "இந்தியாக்காரங்க திங்கிற மா இதுதான். அங்க மைதாம்பாங்க, ஆட்டாம்பாங்க. ஊருக்கு ஒரு பேரு."

பிரேமலதா பக்கட்டை அழுத்திப் பார்த்தாள். இந்தியாவிலிருந்து வந்தது. பெயர் தெரியாதது. ரொட்டி மா இல்லை. அவள் தேடியதும் அப்படி ஒன்றைத்தான்.

மறுநாள் வேலை விட்டு வந்து பிசைந்தாள். தாளில் எழுதியிருந்தபடி ஒரு சொட்டு மாறாமல் செய்தாள். பட்டரையும் சீனியையும் நுரைக்க அடித்து, மாவை அதில் சலித்துப் போட்டு, போத்தலில் இருந்ததில் பாதிக்கும் மேலே பழத்தைக் கொட்டிப் பிசைந்தாள். மா தவிட்டு நிறத்தில் இருந்தது. வெந்தால் வெளுக்கும் என்று நினைத்துக்கொண்டாள். செங்கல் மாதிரி நீளமாக உருட்டி, பொலித்தீனில் சுற்றி, ஒரு வாளிக்குள் வைத்து, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் குளிரவைத்தாள். துண்டு போட்டாள். மணல் சட்டியில் அடுக்கினாள்.

வெளுக்கவில்லை. பொட்டல் மண் நிறத்தில், விளிம்பெல்லாம் வெடித்து வந்தது. அழகமுத்து ஒன்றை எடுத்துக் கடித்தான். கடவாய்க்கு மாற்றி இன்னொரு தடவை கடித்தான்.

"என்னாங்க?"

"ருசி இருக்கு. பல்லு இருக்கவங்க திங்கலாம்."

அவள் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள். டொக்கென்றது. கல்லு மாதிரி வந்துரும். ஷாமிளாவின் குரலில் அது காதில் விழுந்தது. கோதும மாவுல செஞ்சாத்தானே அப்படி வரும்? காலிப் பக்கட்டை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில், மூலையில், பொடி எழுத்தில் தமிழில் போட்டிருந்தது: முழுக் கோதுமை மா.

இரண்டு கோடு போட்டுக் கூடாது என்றதை முதலாளி ஏணி ஏறி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

போத்தலில் ஒரு கை அளவுதான் பழம் மிஞ்சியிருந்தது. மரத்தில் பப்பாசிக் காய் இருந்தது, புதிதாகச் செய்யலாம். ஆனால் அது ஷாமிளா நறுக்கியது ஆகாது. பிரேமலதா ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெந்துபோன பிஸ்கட்டை உடைத்து உடைத்து, பழத்துண்டை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அழகமுத்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் புள்ள, பைத்தியமா உனக்கு?"

"இன்னொரு ஊசி பெட்டியில இருக்கு."

போய் எடுத்து வந்தான். எதிரே உட்கார்ந்தான். அவன் விரலுக்கு அந்த ஊசி பிடிபடவில்லை. இரண்டு துண்டு எடுப்பதற்குள் மூன்று தடவை கையில் குத்திக்கொண்டான். "இந்தச் சிவப்பு பழமா, என் ரத்தமா பாத்துக்க" என்றான். அவள் சிரித்தாள். ஒரு வருசத்தில் அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் பேர் போடவில்லை. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மாவனெல்லைக்குப் பஸ் ஏறினாள். "நகின்ன அக்கே, நகின்ன" என்று கண்டக்டர் முதுகில் கை வைக்காத குறையாக ஏற்றினான். மாவனெல்லையில் கேக் சாமான் மட்டுமே விற்கும் கடை ஒன்று இருப்பதாகத் தோட்டத்து டீச்சர் சொல்லியிருந்தாள். நுஸ்கா என்ற பெண் நடத்துகிறாள், சின்னப் பெண்தான், ஆனால் கேக் விசயத்தில் அவளிடம் கேட்டால் போதும் என்றாள்.

கடை கையகலம்தான். எசன்ஸ் போத்தல்களும் கலர் காகிதக் கிண்ணங்களும் அடுக்கியிருந்தன. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நுஸ்கா எழுந்து வந்தாள்.

"எனத்த வேணும் அக்கா?"

"மைதா. ஆட்டா வேணாம். மைதாதான் வேணும். இல்லன்னா எங்க கெடைக்கும்னு சொல்லுங்க. கண்டிக்குன்னாலும் போறேன்."

பேசினால் பிசகும் என்று தாளையே எடுத்துக் கொடுத்தாள். நுஸ்கா வாசித்தாள். டியூட்டி புரூட்டியில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் அது நின்றது.

"இது இந்தியா ஆக்கள் சென்ன ரெசிப்பியா அக்கா?"

"கூடலூர். எங்க பெரியப்பா மக சொன்னது."

"அதான். அங்க கோதம்ப மாண்டு செல்றது தவிட்டோட அரைக்கிற மாவ. இங்க அதத்தான் ஆட்டாண்டு விக்கிற. அதுல செஞ்சா கல்லாகும். வெள்ளை மாவுக்கு அவங்க மைதாண்டு செல்ற."

"அந்த வெள்ளை மா எங்க இருக்கு?"

நுஸ்கா அவளைப் பார்த்தாள். "உங்கட வீட்டுல ஈக்கும் அக்கா. ரொட்டி சுடுற மா எது? அதுதான். நாங்க கோதம்ப மாண்டு செல்றோம், சிங்களத்துல பாண் பிட்டி, இந்தியாவுல மைதா. மா ஒண்டுதான்."

"ரொட்டி சுடுற மாவா?"

"ஓம் அக்கா."

"டின்ல போட்டு வச்சிருக்கமே, அதுவா?"

"அதேதான். நான் கேக் அடிக்கிறதும் அதுலதான்." நுஸ்கா தாளை மேசை மேல் வைத்து, இரண்டு கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தாள். "எழுதின ஆள் மேல பிழை இல்ல. அவங்க சென்னதும் சரி, இவங்க எழுதினதும் சரி. ரெண்டு ஊர்ச் சொல்லு."

பிரேமலதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நுஸ்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "எழுதினது யாரு அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"என் தங்கச்சி."

"அவங்களுக்கும் செல்லுங்கோ" என்றாள் நுஸ்கா.

"சொல்றேன்" என்றாள் பிரேமலதா.

கஸ்டர்ட் பவுடர் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டாள். இரண்டு கரண்டி சேர்த்தால் மெத்தென்று வரும் என்று நுஸ்கா சொல்லியிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அவள் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்கு ஷாமிளா வந்தாள். டின்னைத் திறந்தாள். முக்கால் டின் மைதா. மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மைதா இல்லை என்று மூடினார்கள். அப்போதே பிசைந்திருந்தால் மூன்றரைக்கு மா உருட்டியாகியிருக்கும். குளிரவைக்க ஒரு மணித்தியாலம். நாலரைக்குத் துண்டு போட்டு அடுக்கியிருப்பாள். நாலே முக்காலுக்கு அவள் இந்த வீட்டுக் குசினியில், மணல் சட்டி மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, வெந்ததா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அழகமுத்து பக்கத்தில் நின்று சூட்டோடு ஒன்றைத் திருடியிருப்பான். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது. வீட்டுக்குப் போ என்று சொன்ன வாய் தன்னுடையது.

அழகமுத்து வாசலில் காத்திருந்தான். எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவன் உள்ளே போய் அந்த டின்னைப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒரு மாவுக்கு ரெண்டு பேரு வச்சது நீயா புள்ள?"

"நானில்ல. ஆனா போன்னு சொன்னது நான்தான்."

அவன் அடுப்படிக்குப் போனான்.  சட்டியிலிருந்த மணலைக் கொட்டி, பீலிக்குக் கொண்டுபோய், தண்ணீர் தெளியும் வரை ஐந்து தடவை அலசினான். சாக்கில் பரப்பி வெயிலில் போட்டான்.

சனிக்கிழமை காலையிலேயே பிரேமலதா ஆரம்பித்தாள். தலை குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு குசினிக்குள் வந்தாள். அழுவதாக இருந்தால் பிஸ்கட் வெந்த பிறகு அழலாம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டாள். தாளை எதிரே சுவரில் ஒட்டினாள். கரண்டிக் காம்பால் டின்னைத் திறந்தாள். சுண்டு டின்னால் இரண்டு அளந்தாள். இரண்டாவது சுண்டைத் தலைவழியக் கோரி, விரலால் வழித்து மட்டம் பார்த்துக் கொட்டினாள். பட்டரும் சீனியும் வெண்ணிறமாகும் வரை கை வலிக்க அடித்தாள். மாவையும் கஸ்டர்ட் பவுடரையும் மூன்று தடவை சலித்தாள். போத்தலில் மிஞ்சியதையும் ஊசியால் எடுத்ததையும் சேர்த்துப் போட்டாள். ஊசியால் எடுத்த துண்டுகளில் தவிட்டு நிறத்தில் பொருக்கு ஒட்டியிருந்தது. சுரண்டினால் பழமும் போய்விடும் என்று அப்படியே விட்டாள்.

மா கைக்குள் திரண்ட விதமே வேறாக இருந்தது. புதன்கிழமை அது முரண்டு பிடித்தது. இன்றைக்குச் சொன்னபடி கேட்டது. நாளும் ரொட்டிக்குப் பிசைந்து பழகிய மா. அதன் ஈரமும் இழுப்பும் அவள் கைக்குத் தெரியும். பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

முதல் தட்டு இறங்கியபோது வாசனை லயத்து வாசல் தாண்டிப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா கதவில் வந்து நின்றாள்.

"என்னாடி, பேக்கரி போட்டுட்டியா?"

"தங்கச்சிக்கு" என்றாள் பிரேமலதா.

வெள்ளையம்மா தட்டைப் பார்த்தாள். வெளிர் மஞ்சளில், விளிம்பு மட்டும் லேசாகச் சிவந்து, சதுரம் சதுரமாக இருந்தன. வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மொத்தம் இருபத்தாறு வந்தது. இரண்டில் பழமே விழவில்லை.

சதீஸ் மத்தியானம் வந்தான். ஒரு வருசத்தில் ஆள் பாதியாகியிருந்தான். கருவாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடி நின்றான்.

"மைதா எங்க கெடச்சிச்சி மதினி?"

பிரேமலதா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வியாழக்கிழம நான் கட கடயா ஏறினேன்" என்றான் அவன். இந்த ஒரு வருசமும் யாரிடமும் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசுகிறவன் மாதிரி பேசினான். "பையெடுத்துட்டு எங்க கட முதலாளிகிட்ட சொல்லிட்டு வெளியேறி, எட்டுக் கடயில கேட்டேன். கோதும மாதான் இருக்கு, வேணுமான்னானுங்க. அது கூடாதுன்னு ரெண்டு கோடு போட்டு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாளே, வேணாம்னு வந்துட்டேன். வெள்ளிக்கிழம தேடுவோம், சனிக்கிழம கையோட கொண்டு போவோம்னு இருந்துட்டேன். அன்னைக்கே கெடச்சிருந்தா வியாழக்கிழம ராத்திரி பஸ்ஸுலயே குடுத்துவிட்டிருப்பேன் மதினி. வெள்ளிக்கிழம அவ இங்க நின்னு சுட்டிருப்பா."

அவனும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவள் ஒரு நாள் போட்டதை அவன் ஒரு வருசம் போட்டிருக்கிறான்.

மாவனெல்லையில் வாங்கினேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு வரை வந்தது. சொன்னால் தன் பக்கம் தப்பிக்கும். எட்டுக் கடை ஏறியும் கிடைக்காததை இவள் ஒரே நாளில் வாங்கி வந்துவிட்டாள் என்று அவன் இன்னொரு வருசம் தேய்வான். அழகமுத்து கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் டின்னை எடுத்து சதீஸின் முன்னால் வைத்தாள். கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள்.

"இதுதான் மைதா."

சதீஸ் குனிந்து பார்த்தான். "இது கோதும மா."

"அங்க இதுக்கு மைதான்னு பேரு. நீங்க ஏறின எட்டுக் கடையிலயும் இருந்திச்சி. இங்கயும் இருந்திச்சி. அன்னைக்கு அவ இந்த மூடியத் தெறந்து, உள்ள பாத்துட்டு, இது ஆகாதுன்னு மூடினா. மழ வருது போன்னு நான் அனுப்பினேன். நீங்க வாங்காததால அவ போகல தம்பி. அந்த நெனப்ப இன்னையோட விடுங்க."

 சதீஸ் டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி மாவை எடுத்தான். விரலிடுக்கில் அது திரும்ப டின்னுக்குள் விழுந்தது.

"அவளுக்குத் தெரியாதா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்னைய விட்டிருப்பாளா மதினி" என்றான்.  சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்தது. "எட்டுக் கட ஏறி ரொட்டி மாவக் கேட்டு அலைஞ்ச மனுசன்னு லயம் பூராச் சொல்லிக் காட்டியிருப்பா."

"அவ மட்டும் என்னவாம்" என்றான் அழகமுத்து கதவோரத்திலிருந்து. "முக்கா டின்ன மடியில வச்சிக்கிட்டு மைதா இல்லைன்னவ."

பிரேமலதா அப்போதுதான் அழுதாள். மூன்று பேரும் அழுதார்கள். முடிந்த பிறகு அவள் எழுந்து தேத்தண்ணிக்கு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவாழை இலை விரித்தார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, மரவள்ளிக் கிழங்கு, கோழி. கத்தரிக்காய் இல்லை. இலையின் வலது ஓரத்தில் பிரேமலதா பிஸ்கட்டை அடுக்கினாள். மூன்று வைத்தாள். கொஞ்சம் யோசித்து நான்காவதையும் எடுத்து அந்த மூன்றின் மேல் வைத்தாள். சதீஸ் கற்பூரம் காட்டினான். மீதியை லயத்துக்குப் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று வரவில்லை, பாதி பாதிதான். மேல் லயத்தில் மிஞ்சிய நான்கு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வெள்ளையம்மா தன் பாதியைக் கடைசி வரை கையிலேயே வைத்திருந்து, போகும்போது முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அந்தத் தாளில் திருத்தம் எதுவும் செய்ய பிரேமலதாவுக்கு மனம் வரவில்லை. சுவரிலிருந்து பிய்த்து, மடித்து, பழைய இடத்திலேயே செருகினாள். காலிப் போத்தலைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். மரத்தில் பப்பாசிக் காய் இருந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகுமுன் ரொட்டி சுட வேண்டியிருந்தது. அழகமுத்து டின்னை எடுத்து மூடியை இழுத்துப் பார்த்தான். திருகிப் பார்த்தான். தொடையில் வைத்து அமுக்கிப் பார்த்தான்.

அவள் அதை வாங்கி, நெளிந்த இடத்தில் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினாள். அப்போதுதான் அது திறந்தது.